தாம்பரத்தில் கை நனைக்காமல்

ஈப்போவிலிருந்து கிளம்பும்போது என் தங்கை சரசு பெட்டிக்குள் என்னென்ன திணித்தாள் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று அவள் சொன்ன ஒன்று மட்டும் சென்னையில் இறங்கும்வரை காதில் ஓடிக்கொண்டே வந்தது. "அண்ணே, பொண்ணு வீட்டுல கை நனைச்சிடாதே."

மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருக்கிறோம். வீட்டில் பாதி நாள் மீ கோரெங், நாசி லெமாக் என்று மலாய்ச் சாப்பாடாகத்தான் போகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் எங்கள் குடும்பம் அசைந்து கொடுக்காது. கல்யாணப் பேச்சு முடிவாகும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிட்டுவிட்டு அப்புறம் வேண்டாம் என்று சொல்கிறவனை மனிதனாகவே மதிக்க மாட்டார்கள்.

சரசுவுக்கு மூட்டுவலி. அவள் மகன் குமரனுக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. எனவே தாய்மாமன் என்ற முறையில் என்னை அனுப்பினார்கள். குமரன் பெண்ணின் போட்டோவைப் பார்த்து, போனிலும் பேசி, சரி என்று சொல்லிவிட்டான். பாக்கி சரசுவின் சம்மதம்தான். பெண்ணின் அப்பா ஹோட்டல் நடத்துகிறார் என்று தரகர் சொல்லியிருந்தார். "ஹோட்டல்னா என்ன ஹோட்டல், எப்படிப்பட்ட ஹோட்டல்னு கண்ணால பாத்துட்டு வா. அப்புறம்தான் நான் சரிம்பேன்" என்றாள் சரசு. சாப்பாட்டு விஷயத்தில் என்னை நம்ப முடியாது என்பது ஊரறிந்தது. அப்படிப்பட்டவனிடம் ஹோட்டலையும் பார், பெண் வீட்டில் சாப்பிடாமலும் வா என்றால் நான் என்ன செய்வேன்?

வியாழக்கிழமை தாம்பரம் வந்து சேர்ந்தேன். இங்கே கிழக்குத் தாம்பரம், மேற்குத் தாம்பரம் என்று இரண்டு இருப்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நடுவில் ரயில் நிலையம். எங்கே போக வேண்டும் என்று ஆட்டோக்காரர் கேட்டார். தாம்பரம் என்றேன்.

"தாம்பரம்தான் சார் இது. ஈஸ்ட்டு கீது, வெஸ்ட்டு கீது. நீ எங்க போவணும், அத்த சொல்லு."

லாட்ஜின் பெயரைச் சொன்னேன். அவர் என்னைக் கிழக்கில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி மேற்கில் இறக்கினார். பிறகுதான் தெரிந்தது, படி ஏறி ரயில் பாதையைத் தாண்டியிருந்தால் நடந்தே வந்திருக்கலாம். அடுத்த சில நாட்களும் இதே கதைதான். நான் எந்தப் பக்கம் போக நினைத்தாலும் அதற்கு எதிர்ப்பக்கம் போய் நின்றேன்.

தரகர் சேவியர் சார் லாட்ஜுக்கே வந்தார். அஸ்தினாபுரத்துக்காரர், அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். கசங்காத வெள்ளைச் சட்டை, பையில் பேனா. கல்யாணம் பேசி முடிப்பதை மாதா கோயில் சேவை மாதிரி செய்கிறார், காசு வாங்குவதில்லை. பெண் வீட்டார் எங்கள் பிரிவுதான், பூர்வீகம் சிவகங்கைப் பக்கம், இப்போது வீடு பீர்க்கன்கரணையில் என்றார்.

"ஹோட்டல் பேரு என்ன சார்?" என்று கேட்டேன்.

"ஃபாதர் ஹோட்டல் லைன்ல இருக்கார். நல்ல நேம் சார். சண்டே அவரையே மீட் பண்ணப் போறீங்க. அதுக்கு முன்னாடி நாம போய் நோண்டினா நல்லாவா இருக்கும்? ஒரு டீசன்ஸி வேணாமா?"

அந்த டீசன்ஸியின் முன்னால் நான் அடங்கிப் போனேன். பெண்ணையும் அம்மாவையும் நாளைக்கே பார்த்துவிடலாம், அப்பாவுக்கு ஞாயிறுதான் ஓய்வு என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் பசித்தது. மார்க்கெட்டுக்குப் போகும் சந்தின் முனையில் ஒரு தள்ளுவண்டி. அதைச் சுற்றிக் கூட்டம். எட்டிப் பார்த்தால் மீ, நூடுல்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சிவப்பேறிய தட்டை மீயை ஒரு பெரிய பேசினில் போட்டு, நறுக்கிய கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துக் கையாலேயே பிசைந்துகொண்டிருந்தார் வண்டிக்காரர். வழுக்கைத் தலையில் துண்டு, மழித்த முகம், நல்ல தொப்பை. ஊரை விட்டு வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை, மீயைக் கண்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இது என்னங்க?"

பக்கத்தில் நின்ற பையன் பதில் சொன்னான். "அத்தோ சார். பர்மா நூடுல்ஸ். செம டேஸ்ட்டு."

தட்டில் மீயும் மேலே நொறுக்கிய தட்டை முறுக்கும் வந்தன. கிண்ணத்தில் ஒரு சூப். அதில் வெள்ளையாக வட்ட வட்டமாக ஏதோ மிதந்தது. முள்ளங்கி என்று நினைத்துக்கொண்டேன். ஈப்போவில் எந்தக் கடையிலும் இப்படிச் சாப்பிட்டதில்லை, ஆனாலும் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. சின்ன வயதில் ரங்கூனில் இருந்ததாகவும், ராணுவ ஆட்சி வந்த பிறகு கப்பலில் வந்து இறங்கியதாகவும் வண்டிக்காரர் சொன்னார். கிண்ணம் காலியாகும் முன்பே கரண்டி நிறைய சூப்போடு என்னை நோக்கி வந்தார். எல்லோருக்கும் இரண்டாம் தரம் சூப் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது.

"சார் எந்த ஊரு?"

"மலேசியா, ஈப்போ. தங்கச்சி மகனுக்குப் பொண்ணு பாக்க வந்திருக்கேன். பீர்க்கன்கரணையில."

கரண்டி பாதி வழியில் நின்றது. பிறகு அது பானைக்கே திரும்பிப் போய்விட்டது. சூப் வேண்டும் என்று நானே கேட்டேன். ஊற்றினார். கிளம்பும்போது அந்த சூப்புக்கும் சேர்த்துக் காசு வாங்கினார். வெளிநாட்டுக்காரன் என்றதும் விலை ஏறிவிட்டது என்று எண்ணி மனம் நொந்து படுத்தேன்.

வெள்ளிக்கிழமை சேவியர் சாரின் ஸ்கூட்டரில் பீர்க்கன்கரணை போனோம். ஏரிக்கரையை ஒட்டிய தெருவில் சின்ன வீடு, சுத்தமான வீடு. அம்மா பெயர் செல்வி. பெண் கவிதா, பெருங்களத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சில் தயக்கம் இல்லாத பெண். பார்த்த உடனே எனக்குப் பிடித்துவிட்டது, அதுதான் ஆபத்து.

"காபில சக்கரை போடல மாமா. உங்களுக்கு ஆகாதுன்னு குமரன் சொன்னாரு."

அந்தக் காபியின் வாசனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. வயிறு சரியில்லை என்றேன். மோர் கொண்டு வரட்டுமா என்றாள். மோர் சளி பிடிக்கும் என்றேன். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். தண்ணீர் குடித்தால் கை நனைத்த கணக்கா இல்லையா என்று சரசுவிடம் கேட்க மறந்துவிட்டேன். தம்ளரைக் கையில் எடுத்து, சுற்றிப் பார்த்து, திரும்பக் கீழே வைத்தேன். பக்கத்தில் சேவியர் சார் எந்தக் கவலையும் இல்லாமல் வாழைக்காய் பஜ்ஜியைத் தின்றுகொண்டிருந்தார்.

சுவரில் பெண்ணின் பெற்றோர் கல்யாணப் போட்டோ. அப்பா ஒல்லியாக, சுருட்டை முடியும் அடர்ந்த மீசையுமாக இருந்தார். அந்த முகத்தை மனப்பாடம் செய்துகொண்டேன். ஹோட்டல் எந்தப் பக்கம் என்று மெதுவாகக் கேட்டேன். "தாம்பரத்துலதாங்க, ஸ்டேஷன் கிட்ட" என்றார் அம்மா, சேவியர் சாரைப் பார்த்துக்கொண்டே. அதற்கு மேல் கேட்டால் டீசன்ஸி கெட்டுவிடும். கொல்லைப்புறம் கை கழுவப் போனபோது சுவரோரம் வாழைத்தண்டு கட்டுக் கட்டாகச் சாத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். எங்கள் ஊரில் கல்லடைப்பு வந்தவர்கள்தான் வாழைத்தண்டை இப்படி வாங்குவார்கள். பாவம், பெண்ணின் அப்பாவுக்குக் கல் பெரியது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

மத்தியானமே தேடலைத் தொடங்கினேன். ஸ்டேஷன் பக்கம் இருந்த ஒரு கேரளா மெஸ்ஸுக்குப் போனேன். சிவப்பு மட்டை அரிசிச் சோறு, குடம்புளி போட்ட மீன் குழம்பு. அரிசி ஒவ்வொன்றும் பல்லில் தட்டுப்பட்டது, குழம்போ அமிர்தம். கல்லாவில் ஒல்லியாக, மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குப் பொண்ணு இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே இருந்தவரிடம் மலையாளத்தில் ஏதோ சொன்னார். என் மேசையில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டே எனக்கு மொழிபெயர்த்தார். "சோறு தின்ன வந்தவன் பெண்ணைக் கேட்கிறான், சீக்கிரம் பில்லைப் போட்டு அனுப்பு." பாயசம் வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன்.

சாயங்காலம் கால்கள் தாமாகவே அத்தோ வண்டிக்குப் போயின. இந்த ஊரில் என் குழப்பத்தைக் கேட்க வேறு யார் இருக்கிறார்கள்? வண்டிக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பெண் தங்கம், ஆனால் அப்பா கண்ணிலேயே படவில்லை, ஹோட்டல் பெயரைக் கேட்டால் எல்லோரும் மழுப்புகிறார்கள், போதாததற்கு அவருக்குக் கல்லடைப்பு வேறு என்றேன்.

அவர் பிசைவதை நிறுத்தினார். "கல்லடைப்பா?"

"கொல்லையில அவ்வளவு வாழைத்தண்டு கிடக்குங்க."

அவர் குனிந்து மறுபடியும் பிசைய ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "ஹோட்டலு சின்னதா இருந்தா பரவாயில்லையா சார்?" என்றார்.

"சின்னதா இருக்கலாம். ஆனா ஒரு போர்டு வேணும்லா. பேரு எழுதின ஒரு போர்டு இருந்தா என் தங்கச்சி சமாதானம் ஆயிடுவா. போர்டு இல்லாட்டி முடியாதுன்னுதான் சொல்லுவா."

இதைச் சொல்லும்போது போர்டு இல்லாத ஒரு வண்டியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. அன்றும் சூப்புக்குக் காசு வாங்கினார். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரருக்கு இரண்டு தரம் சும்மா ஊற்றினார். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் மீ அவ்வளவு நன்றாக இருந்ததால் எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை ரயிலேறிக் குரோம்பேட்டை போனேன். ஸ்டேஷன் கிட்ட என்றால் எந்த ஸ்டேஷன் என்று யாருக்குத் தெரியும்? அங்கே ஒரு ஆந்திரா மெஸ். சோற்றில் பருப்புப்பொடி, மேலே நெய், ஓரத்தில் கோங்குரா. இந்தத் தடவை புத்திசாலித்தனமாக, "உங்க வீடு பீர்க்கன்கரணையா?" என்று முதலாளியிடம் கேட்டேன். நெல்லூர் என்றார். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்காமல், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அவர் பெண்ணின் அப்பாவாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

நெய்ச் சோறு வேலையைக் காட்டியது. திரும்பும் ரயிலில் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது தாம்பரம் எப்போதோ போயிருந்தது. வண்டி எங்கே போகிறது என்று கேட்டேன். செங்கல்பட்டு என்றார்கள். அடுத்து வந்த நிலையத்தில் பாய்ந்து இறங்கினேன், அது பொத்தேரி. எங்கே பார்த்தாலும் கல்லூரிப் பிள்ளைகள். வெயிலுக்குப் பயந்து ஒரு மாடி மெஸ்ஸுக்குள் ஒதுங்கினேன். நடத்துகிறவர் மணிப்பூர்க்காரர். சமையலில் எண்ணெய் கிடையாது, கீரையும் கருவாடும் கொதித்துக்கொண்டிருந்தன. உருளைக்கிழங்கோடு புளித்த மீனும் மிளகாயும் சேர்த்து மசித்த ஒரு துவையலைக் கொடுத்தார்கள். எங்கள் ஊர் இறால் விழுது பெலாச்சானுக்குப் பெரியப்பா முறை ஆக வேண்டும், நாக்கு எரிந்து கண்ணீர் வந்தது. எதிரே இருந்த பெண் தன் தோழியிடம் இந்தியில் பேசுவது கேட்டது. இந்திப் படம் பார்த்த பழக்கத்தில் எனக்குப் புரிந்தவரையில், அந்த மாமா அழுகிறார், வீட்டில் ஏதோ துக்கம் போலிருக்கிறது என்றாள். தண்ணீர் ஜாடியை என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவள் நினைத்ததும் முழுத் தப்பில்லை. நாளை ஞாயிறு, பதில் சொல்ல வேண்டிய நாள். குமரனுக்குப் பிடித்த பெண், எனக்கும் பிடித்துவிட்ட பெண். நான் பார்க்காத ஒரு போர்டுக்காக அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்வேனோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் மறுபடி அத்தோ வண்டி. கூட்டம் இன்னும் சேரவில்லை. பாதித் தட்டு சாப்பிட்டிருப்பேன், ஒரு பெண் மூடி போட்ட பெரிய எவர்சில்வர் தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, தண்டு நறுக்கினது இதுல இருக்கு. அம்மா பூண்டு எண்ணெய..."

என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். கவிதா. நான் ஸ்பூனை வாயில் வைத்தபடி அவளைப் பார்த்தேன். வண்டிக்காரரைப் பார்த்தேன். கிண்ணத்தில் மிதந்த முள்ளங்கியைப் பார்த்தேன், அது முள்ளங்கி இல்லை.

"நான்தாங்க மாணிக்கம், கவிதாவோட அப்பா" என்றார் அவர், தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டே. "எனக்குக் கல்லடைப்பு எல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோபமும் வந்தது. யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. "முத நாளே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"ஹோட்டல்னு சேவியர் சார் சொன்னாரு. நல்லதுக்குன்னுதான் சொன்னாரு. சண்டே நானே உங்களாண்ட சொல்லிடலாம்னு இருந்தேன். நீங்க அதுக்குள்ள இங்க வந்து நின்னுட்டீங்க. பீர்க்கன்கரணைன்னு சொல்லும்போது பாதி சாப்ட்டிருந்தீங்க. பசியோட வந்த மனுசன எப்படி எழுப்புறது?"

"அதுக்கு சூப்புக்குக் காசு வாங்குவீங்களா?"

"வாங்கினாத்தானே சார் அது வியாபாரம். சும்மா ஊத்தினா அது எங்க வூட்டுச் சாப்பாடு ஆயிடும். அப்புறம் வேணாம்னு நீங்க சொன்னா, பொண்ணு வீட்டுல கை நனைச்சுட்டு மாட்டேன்னாங்கன்னு உங்களைத்தான் பேசுவாங்க. அந்தப் பேச்சு உங்களுக்கு வரக் கூடாதுன்னுதான் வாங்கினேன். நாளைக்கு வேணாம்னு சொல்றதுன்னா தாராளமா சொல்லுங்க. எதுவும் நனைக்கல நீங்க."

கவிதா தூக்கைக் கீழே வைத்தாள். "குமரனுக்குத் தெரியும் மாமா. முத போன்லயே வண்டின்னு சொல்லிட்டேன். அவங்க அம்மாகிட்ட சொல்லத்தான் அவருக்கு தைரியம் வரல."

ஆக, இந்த ஊரில் ஒன்றும் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். மீசைக்காரர்களை எல்லாம் மறித்துப் பெண் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். நான் தேடிய மனிதர், ஒரு கரண்டி சூப்பில்கூட நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று என்னைக் காவல் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். என் பெண்ணாக இருந்தால் நான் அப்படிச் செய்திருப்பேனா? சூப்போடு வடையும் ஊட்டி, சாட்சிக்கு நாலு பேரையும் கூப்பிட்டு வைத்திருப்பேன்.

தட்டில் இருந்ததை முடித்து, அதற்கான காசைக் கொடுத்தேன். வாங்கிக் கல்லாவில் போட்டார். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கவிதா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

"இன்னொரு ப்ளேட் போடுங்க" என்றேன்.

பிசைந்து கொடுத்தார். ஸ்பூனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையாலேயே சாப்பிட்டேன். சூப் கேட்டேன், ஊற்றினார். இரண்டாம் தரமும் கேட்டேன். வண்டிக்குப் பின்னால் இருந்த டிரம்மில் கை கழுவி, கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன். மாணிக்கம் கல்லாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். நான் பர்ஸை எடுக்கவில்லை.

"நாளைக்கு மத்தியானம் சாப்பாடு உங்க வீட்டுலதான், சம்பந்தி" என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். மிளகாய்த்தூள் பிசைந்த கை, கண்ணில் பட்டுவிட்டது என்று கவிதாவிடம் சொன்னார்.

லாட்ஜுக்குப் பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து ஈப்போவுக்குப் போன் போட்டேன். சரசு எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஹோட்டலப் பாத்தியா? போர்டு இருக்கா?"

"போர்டு இல்ல. தள்ளுவண்டி."

கட்டணம் காட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "அப்ப வேணாம்னு சொல்லிட்டுக் கிளம்பி வா அண்ணே."

"சொல்ல முடியாது சரசு. கை நனைச்சிட்டேன்."

"வீட்டுலயா?"

"வண்டியில."

"அது கடைதானே?" என்றாள். குரலில் கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது. "காசு குடுத்தியா?"

"குடுக்கல."

பெட்டிக்குள் எண்கள் ஏறிக்கொண்டே போயின. பூத்காரர் என்னை எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணுக்கு என்ன கலர் புடவை பிடிக்கும்னு கேட்டுட்டு வா" என்று சொல்லிப் போனை வைத்தாள்.